ஒரே மேளத்தைப் பல ஆண்டுகள் நேரில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

தோடிப்பித்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது இருபத்தாறு. மூன்று ஆண்டுகளாக நாகஸ்வரத்தின்மேல் பைத்தியமாக இருக்கிறேன். ஆனால் கேட்பதெல்லாம் பதிவுகள்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்று இரவெல்லாம் ஹெட்போனில் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்ற மாதம் உறவினர் திருமணம் ஒன்றுக்கு நல்ல குழு வந்திருந்தது. ஆசையோடு மேடைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். மண்டபத்துக் கூரையும் ஒலிபெருக்கியும் சேர்ந்து காதை அடைத்தன. சுற்றியிருந்தவர்கள் அதற்கு மேல் குரல் எழுப்பிப் பேசினார்கள். அவர்கள் அழகாகக் கல்யாணி வாசித்துக்கொண்டிருந்தபோது புகைப்படம் எடுக்க வேண்டும் என்று பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பழைய பதிவைப் போட்ட பிறகுதான் மனம் ஆறியது. நேரில் கேட்டதைவிடப் பதிவு நன்றாக இருந்ததே என்பதுதான் இப்போது என் வருத்தம்.

என் தாத்தா அடிக்கடி ஒன்று சொல்வார்: "மேளத்தை உட்கார்ந்து கேட்டவன் பாதிதான் கேட்டான்." அதற்கு என்ன பொருள் என்று கேட்கும் வயது எனக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

ஒரே குழுவைக் கோயில் திருவிழாக்களில் ஆண்டுக்கணக்காகக் கேட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எப்படி இருந்தது, காலப்போக்கில் என்ன மாறியது என்று எழுதுங்களேன். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

மேலவீதி எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தா சொன்னது முழுக்கச் சரி. நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மேளத்தின் பின்னால் நடந்தவன். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கிறது. சிவன் கோயில், சுற்றி நான்கு வீதிகள். மேலவீதியில் எங்கள் வீடு. அந்தக் குழு இரு சகோதரர்களுடையது. பெயரை எழுதவில்லை, குடும்பத்தாரிடம் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணன், தம்பி என்றே சொல்கிறேன். உடன் நிரந்தரமாக ஒரு தவில், அவர்களுடைய மாமன் மகன். பெரிய திருநாள்களுக்கு வெளியூரிலிருந்து ஒரு ஸ்பெஷல் தவில் வருவார். தாளம் போட ஒரு பையன். நான் முதலில் கேட்ட காலத்தில் ஒரு முதியவர் ஒத்து ஊதுவார், ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழல் அது. பிறகு அந்த இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது.

முதல் நினைவு 1974, பங்குனி உற்சவம், ஐந்தாம் திருநாள், ரிஷப வாகனம். எனக்குப் பன்னிரண்டு வயது. இரவு பத்து மணிக்குச் சுவாமி புறப்பாடு. புறப்பாடு என்றாலே மல்லாரி. கம்பீர நாட்டை ராகத்தில் வரும், சாகித்தியம் (பாட்டு வரிகள்) கிடையாது, அடவு வைத்து நடப்பதுபோல் லயமே பிரதானம். கோபுர வாசலின் உள்ளே, இருபுறமும் கருங்கல் சுவர் இருக்கும் அந்த இடைவழியில் நின்று தொடங்கினார்கள். தவில் என் நெஞ்சுக்குள் இடித்தது. பயந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வாசற்படியைத் தாண்டி வீதியில் கால் வைத்தார்கள். அந்த நொடியில் இடி முழுவதும் மேலே ஆகாயத்துக்குப் போய்விட்டது. நாகஸ்வரம் மட்டும் தனியாக முன்னால் வந்து நின்றது. நான் சொல்வது வெறும் இரண்டடித் தூரம். உள்ளே ஒரு வாத்தியம், வெளியே வேறு வாத்தியம். உங்கள் ஹெட்போனில் இது வராது.

அன்றிலிருந்து நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை. அணைசுக்கு, அதாவது நாகஸ்வரத்தின் விரிந்த வாய்க்கு, நேர் எதிரே பத்தடியில் நின்றால் சத்தம் முகத்தில் அறையும். மூச்சு இழுப்பது, வாயில் வைத்து ஊதும் சீவாளியில் எச்சில் சீறுவது எல்லாம் கேட்கும். வாசிப்பவரின் இடது தோளுக்குப் பின்னால் போய்விட்டால் விரல் வேலை தெளிவாகப் புரியும். ஊர்வலத்தின் கடைசியில் நடந்தால் தீவட்டிக்காரர்கள் பேச்சும் பெட்ரோமாக்ஸ் இரைச்சலும் கலந்துவிடும். எல்லாவற்றிலும் சிறந்த இடம் அடுத்த வீதி. சுவாமி தெற்கு வீதியில் நிற்கும்போது நீங்கள் மேலவீதியில் இருக்க வேண்டும். தவில் ஒரு நாடித்துடிப்பாகச் சுருங்கிவிடும். நாகஸ்வரம் வீட்டு ஓடுகளுக்கு மேலே மிதந்து வரும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. பாட்டி நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அவரை விட்டுவிட்டு அம்மா வீதிக்கு வர முடியாது. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துதான் கேட்பார். கீழவீதியில் ஆலாபனை நடக்கும்போதே "இப்போது அண்ணன் எடுத்திருக்கிறார்", "இது தம்பி" என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அண்ணன் எந்த ஸ்வரத்தையும் கீழேயிருந்து தொட்டு ஏறுவார், தம்பி நேராக அதன் தலையில் போய் இறங்குவார்" என்றார். அம்மா சங்கீதம் கற்றவர் அல்லர்.

1983இல் நான் கும்பகோணத்தில் கல்லூரி மாணவன். அப்போதுதான் அவர்கள் போகிற ஊருக்கெல்லாம் பஸ் பிடித்துப் போகத் தொடங்கினேன். அந்த ஓராண்டில் பதினேழு இரவுகள். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது. அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒருமுறை வாசிப்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார வைத்தார். நாகஸ்வரத்தின் கழுத்தில் நூலில் கோத்த சீவாளிக் கொத்து தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கி நனைத்தார். எடுத்துப் பார்த்தார். உதடு மாதிரி இரண்டு இதழ்களும் கொஞ்சம் விலகியிருந்தன. கட்டைவிரலால் மெல்ல அமுக்கினார், மறுபடி வாயில் வைத்தார். பிறகு கெண்டையில் (சீவாளியைப் பொருத்தும் உலோகக் குழல்) செருகி ஒரே ஒரு முறை ஊதினார். தலையை ஆட்டிவிட்டு அதைக் கழற்றி வேறொன்றை எடுத்தார். மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது. முதலாவதற்கு என்ன குறை என்று கேட்டேன். "குறையில்லை, அது காம்போதிக்கு" என்றார். அன்று இரவு காம்போதி வாசிக்கும்போது அதைத்தான் மாற்றிப் போட்டார். நான் எதிரிலேயே நின்று பார்த்தேன்.

அவர்களுடைய இரண்டு வாத்தியங்களும் நரசிங்கம்பேட்டையில் செய்தவை, ஆச்சா மரம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நன்றாகக் காய்ந்த உத்திரத்தில்தான் நல்ல நாகஸ்வரம் பிறக்கும் என்பார் தம்பி. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர்கள் இருவரையும் நினைத்துக்கொண்டேன்.

இனி, மாறியது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் முக்கியமான பதில்.

முன்பு சுவாமியைத் தோளில் சுமந்தார்கள். நான்கு வீதி சுற்ற விடியற்காலை மூன்று மணி ஆகும். சுமப்பவர்களுக்கு மூச்சு வாங்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு முக்கிலும் முட்டுக் கொடுத்துச் சுவாமியை இறக்கி வைப்பார்கள். ஒரு வெற்றிலை போடும் நேரம் என்று பேர். அது முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம்தான் ராகம்! தென்மேற்கு முக்கில் தோடி, வடமேற்கு முக்கில் காம்போதி, சுவாமி கோயிலுக்குத் திரும்பும் நேரத்தில் நீலாம்பரி. ஜனங்கள் வீதியிலேயே பாயை விரித்துக் குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் ஊரில் 1998இல் சுவாமிக்குச் சக்கர வண்டி செய்தார்கள். சுமக்க ஆள் கிடைக்கவில்லை, அது உண்மை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சக்கரத்துக்கு மூச்சு வாங்காது. முக்குகளில் நிற்க வேண்டிய காரணமே போய்விட்டது. பத்து மணிக்குப் புறப்பட்ட சுவாமி பதினொன்றரைக்கு யதாஸ்தானம் வந்துவிட்டார். அந்த முதல் ஆண்டு தம்பி தோடியை எடுத்து இன்னும் மத்திம ஸ்தாயியிலேயே இருந்தார், வண்டி நகர்ந்துவிட்டது. வாசித்துக்கொண்டே நடந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

வாசிப்பும் மாறியது. 1991இல் அண்ணனுக்கு முன்பற்கள் இரண்டு போயின. நாகஸ்வரக்காரருக்குப் பல் போவது பாடகருக்குத் தொண்டை போவது போல. உதட்டுக்குப் பிடிமானம் இல்லாமல் தார ஸ்தாயியில் நின்று பிடிக்க முடியவில்லை. இனி அவர் வாசிக்க மாட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்த பங்குனிக்கு வந்தார். மேலே போக வேண்டிய இடங்களையெல்லாம் தம்பியிடம் விட்டுவிட்டார். தான் கீழ்ஷட்ஜத்தைச் சுற்றியே, ஒரு பத்து நிமிடம் காந்தாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அசைத்து அசைத்து வாசித்தார். 1974இல் கேட்ட தோடி மலை ஏறுகிற தோடி. இது கிணற்றுக்குள் இறங்குகிற தோடி. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். அம்மாவும் கொல்லையிலிருந்து கேட்டுவிட்டு, "இது யார், புதிதாக ஒருவர் வாசிக்கிறாரே?" என்றார். அவர் தவறிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

2003 பங்குனிக்கு அண்ணன் வாத்தியம் இல்லாமல் வந்தார். தாளத்தை வாங்கித் தானே போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த ஆண்டு அவர் இல்லை.

வலந்தலை எழுதியது:

மேலவீதி ஐயாவுக்கு வணக்கம். படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. என் அப்பா தவில்காரர். நீங்கள் சொல்லும் குழுவில் அல்ல, வேறு குழுவில். அவருக்காக இதை எழுதுகிறேன்.

எல்லோரும் நாகஸ்வரத்தை நினைவு வைத்திருக்கிறீர்கள். தவிலைச் சொல்லும்போது "இடி", "நாடித்துடிப்பு" என்று நிறுத்திவிடுகிறீர்கள். அந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவு முழுக்க நடந்தவர் அவர். பலா மரத்து உடல், இருபக்கமும் இறுக்கிக் கட்டிய தோல், என்ன கனம் தெரியுமா? அப்பாவின் தோளில் வார் பதிந்த இடம் கறுத்துப் பள்ளமாக இருக்கும். சிறுவயதில் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து விளையாடியிருக்கிறேன்.

வலக்கை விரல்களுக்குக் கூடு செய்வதை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய துணியை நாடா நாடாகக் கிழித்து, பசையில் தோய்த்து, விரலின் அளவுக்குச் சுற்றிச் சுற்றி, காய வைத்து, மறுபடி சுற்றுவார். கல் மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டுச் சன்னல் விளிம்பில் எப்போதும் நான்கைந்து கூடுகள் காய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு விரலுக்கும் ஓர் அளவு. மாற்றிப் போட முடியாது. இடக்கைக்குப் பூவரசங் கம்பு.

சுவாமியை இறக்கி வைக்கும் நேரம் ராகத்துக்கு மட்டும் அல்ல ஐயா. தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடப்பதும் அங்கேதான். பனியில் தொய்ந்த தோலை இழுத்துக் கட்டவும் அந்த நேரம் வேண்டும். சக்கர வண்டி வந்த பிறகு அப்பா தொய்ந்த தவிலிலேயே வாசிக்க வேண்டியிருந்தது. அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. வலையப்பட்டி சுப்பிரமணியம், ஹரித்துவாரமங்கலம் பழனிவேல் போன்றவர்கள் சபா மேடையில் தவிலை எல்லோரும் பார்க்கும்படி செய்தார்கள். ஆனால் வீதியில் நடந்தவர்களை யாரும் பதிவு செய்யவில்லை. என் அப்பாவின் வாசிப்பு எங்களிடம் ஒரு நிமிடம்கூட இல்லை.

மேலவீதி எழுதியது:

வலந்தலை அம்மா, நீங்கள் சொன்னது நியாயம். நான் எழுதியது குறைதான்.

அந்த மாமன் மகனைப் பற்றி ஒன்றாவது சொல்கிறேன். மல்லாரியை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசிக்கும்போது ஸ்பெஷல் தவில்காரர்கள் எல்லோரும் மூன்றாம் காலத்தில் நெருப்பாகப் பொழிவார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும். இவர் அந்த இடத்தில் அடிகளைக் குறைத்துவிடுவார். நாகஸ்வரம் மூச்சு எடுக்கும் இடைவெளியில் மட்டும் தொப்பியில், அதாவது தவிலின் இடப்பக்கத்தில், கும்கி என்கிற ஆழ்ந்த ஒலி ஒன்று. அவ்வளவுதான். நடக்கிறவர்களின் கால் அந்தக் கும்கியில்தான் விழும். நான் உட்பட நூறு பேர் அவருக்குத் தெரியாமல் அவர் சொன்னபடி நடந்துகொண்டிருந்தோம். 2009வரை வாசித்தார். அவரைக் கேட்டுவிட்டுத்தான் நான் மற்றத் தவில்காரர்களை எடை போடுவேன்.

உங்கள் அப்பா எந்தப் பக்கத்துக்காரர் என்று முடிந்தால் சொல்லுங்கள். 1980களில் நான் கேட்டிருக்கக்கூடும். என் நோட்டில் தவில்காரர்களின் பெயரும் எழுதி வைத்திருக்கிறேன்.

வடக்குமணல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் கொஞ்சம் வேறு. இங்கே வீதி என்றால் கோயிலைச் சுற்றியுள்ள மணல் வீதிதான். சுவாமி ஓரிடத்தில் நிற்க, மேளச்சமா வைப்பார்கள். மணலில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்போம். அதனால் தோடிப்பித்து தம்பியின் தாத்தா சொன்னதை நான் முழுவதும் ஏற்க மாட்டேன்! மணல் சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். கருங்கல்லில் கேட்கிற அதிர்வு இங்கே இராது; தவிலின் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கும். தவில் மேதை தெட்சிணாமூர்த்தியை எங்கள் மண் தந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா அவரை நேரில் கேட்டவர். எனக்கு அளவெட்டி பத்மநாதன் அவர்களின் நாகஸ்வரம் பல திருவிழாக்களில் வாய்த்தது.

1995 போர்க்கால இடப்பெயர்வில் நாங்களும் வீட்டை விட்டுப் போனோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது எங்கள் கோயிலில் திருவிழா என்று பெரிதாக எதுவும் இல்லை. இரவில் நடமாட முடியாது என்பதால் பகலிலேயே பூசை. ஒரு நாகஸ்வரம், ஒரு தவில். அந்த நாகஸ்வரக்காரர் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். வாத்தியத்தை எங்கோ தொலைத்துவிட்டு இரவல் வாங்கி வந்திருந்தார். நல்ல வெயில், பகல் பதினொரு மணி. அந்த நேரத்தில் அவர் நீலாம்பரி வாசித்தார். இரவு ராகத்தை இப்போது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இரவில் வாசிக்க முடியாத ஆண்டு அது.

தோடிப்பித்து எழுதியது:

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. எல்லோருக்கும் நன்றி. வலந்தலை அக்கா, உங்கள் அப்பாவின் கூடுகள் எதையாவது பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

மேலவீதி ஐயா, இரண்டு கேள்விகள். தம்பி இப்போதும் வாசிக்கிறாரா? இன்றைக்கு நான் நடந்து கேட்க வேண்டும் என்றால் எங்கே போக வேண்டும்?

வலந்தலை எழுதியது:

ஒரே ஒரு கூடு இருக்கிறது. மோதிர விரலுக்கானது. என் கட்டைவிரலுக்குக்கூடப் பெரிதாக இருக்கிறது.

ஐயா, அப்பா திருவாரூர்ப் பக்கம். பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மேலவீதி எழுதியது:

நோட்டை எடுத்துப் பார்த்தேன் அம்மா. 1986 தை மாதம், தெப்பம். உங்கள் அப்பா பெயர் இருக்கிறது. பக்கத்தில் "ஓடம் வாசிக்கும்போது தவில் தண்ணீர் மாதிரி" என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். ஓடம் என்பது தெப்பத்தில் வாசிக்கும் மெட்டு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

தோடிப்பித்து தம்பி, எங்கள் தம்பி 2016 பங்குனியோடு நிறுத்திக்கொண்டார். இப்போது வாசிப்பது அண்ணனின் பேரன், உங்கள் வயதுதான் இருக்கும். தாத்தாவைப் போல் கீழேயிருந்து தொட்டு ஏறுகிறான். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. தாத்தா போனபோது அவன் சிறு குழந்தை.

பெரிய அளவில் கேட்க வேண்டும் என்றால் சிதம்பரத்துக்குப் போங்கள், ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ. தேரோட்டத்துக்கு முந்தைய நாள்களிலும் வீதியில் நில்லுங்கள், அப்போதுதான் நெரிசல் இல்லாமல் கேட்கலாம். திருவையாற்று ஆராதனையிலும் காலையில் மங்கல இசை உண்டு. ஆனால் அது உட்கார்ந்து கேட்பது.

நடந்து கேட்க எங்கள் ஊருக்கே வாருங்கள். ஒரு செய்தி சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஐந்தாம் திருநாளுக்கு மட்டும் ஊர் இளைஞர்கள் சுவாமியை மறுபடி தோளில் தூக்குகிறார்கள். பழக்கமில்லாத தோள்கள், அடிக்கடி இறக்கி வைக்கிறார்கள். சென்ற ஆண்டு தென்மேற்கு முக்கில் ஐம்பது நிமிடம் நின்றது. பேரன் தோடி வாசித்தான்.

பங்குனி ஐந்தாம் நாள் இரவு ஒன்பதரைக்கெல்லாம் கோபுர வாசலுக்குள் வந்துவிடுங்கள். இடப்பக்கச் சுவரை ஒட்டி நிற்பேன். மல்லாரியை அங்கே கேட்டுவிட்டு வெளியே வருவோம். தோடி தொடங்கியதும் உங்களை எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவின் துவைக்கிற கல் அங்கேயே இருக்கிறது. செருப்பை வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிடுங்கள். வீதி முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள்.